அகல டயர் போட்ட ஸ்விஃப்டில் உரசல்: ஸ்பேசரும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுடையது ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. கம்பெனியில் வந்த 165/80 ஆர்14 டயரையும் இரும்பு ரிம்மையும் கழற்றிவிட்டு, 7 இன்ச் அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ள 16 இன்ச் அலாய் வீலில் 205/55 ஆர்16 டயர் போட்டிருக்கிறீர்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் முன்னால் 'சர்ர்' என்று உரசுகிறது. பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் பின்னால் 'டர்க்' என்று ஒரு சத்தம். கடைக்காரர் ஸ்பேசர் போடலாம் என்கிறார், நண்பர் சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கிற தகரமான ஃபெண்டரின் உள்விளிம்பை வெட்டிவிடச் சொல்கிறார். இரண்டில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒன்றுதான், ஆனால் வண்டியில் இருப்பது இரண்டு உரசல். முன்னால் வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் படுவது. பின்னால் வருவது பெரும்பாலும் தகரத்தில் படுவது. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது, அவர்கள் சொன்ன இரண்டு மருந்தும் இதற்கானவை இல்லை.

வீல் அலைன்மென்ட் மெஷின் பக்கத்தில் நின்று எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்படி ரிம் மாற்றிவிட்டுச் சத்தத்தோடு வரும் வண்டி மாதத்துக்குக் குறைந்தது இரண்டு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் கணக்கில் வருவதை உறுதியாகச் சொல்கிறேன். கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்பதை, எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. 205/55 ஆர்16 டயரின் உயரம் சுமார் 632 மி.மீ. அதாவது மேலே, முன்னே, பின்னே எல்லாப் பக்கமும் 6 மி.மீ. கூடியிருக்கிறது. இது பெரிய விஷயம் இல்லை. அகலம்தான் விஷயம். டயரின் அகலம் 165-லிருந்து 205 ஆகி 40 மி.மீ. கூடிவிட்டது, அந்த 40 எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதை ஆஃப்செட் தீர்மானிக்கிறது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியில் சக்கரத்தை மாட்டுகிற ஹப்பில் போய் ஒட்டுகிற முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். அந்த எண் குறையக் குறைய சக்கரம் வண்டிக்கு வெளியே துருத்தும். உங்கள் பழைய ரிம்மின் ஆஃப்செட்டை நீங்கள் எழுதவில்லை, கணக்குக்காக 45 என்று வைத்துக்கொள்கிறேன். ரிம்மின் பின்பக்கம் பொறித்திருக்கும், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய டயரில் பாதி 82.5. ஹப் முகத்திலிருந்து உள்ளே 127.5, வெளியே 37.5 மி.மீ. வரை அது நின்றது. புது டயரில் பாதி 102.5. ஆஃப்செட் 35 என்பதால் உள்ளே 137.5, வெளியே 67.5. ஆக, உள்பக்கம் 10 மி.மீ. போயிருக்கிறது, வெளிப்பக்கம் 30 மி.மீ. வந்திருக்கிறது. 7 இன்ச் ரிம்மில் 205 டயர் கொஞ்சம் விரிந்தும் உட்காரும், தரையில் படுகிற பகுதியும் பக்கச் சுவரும் சேர்கிற ஓரமான தோள்பட்டையின் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் இரண்டு மூன்று மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் திசை மாறாது. உங்கள் டயர் வெளியே வந்ததால் உரசுகிறது.

இது தெரிந்த பிறகு ஸ்பேசர் பேச்சை எடுத்துப் பாருங்கள். ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கிற தட்டு. அது சக்கரத்தை இன்னும் வெளியே தள்ளும். 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 35 ஆஃப்செட் 25 ஆகிவிடும். டயர் உள்ளே ஷாக் அப்சார்பரிலோ ஸ்பிரிங் தட்டிலோ உரசினால் மட்டும்தான் அதற்கு வேலை. வெளியே உரசுகிற வண்டிக்கு ஸ்பேசர் போடுவது, வாசலில் இடிக்கிற கட்டிலை இன்னும் ஒரு ஜாண் வெளியே இழுத்துப் போடுகிற மாதிரி. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை, பாதிப் பேருக்கு உரசல் என்றாலே ஸ்பேசர் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது.

கணக்கை நம்பி வேலையை ஆரம்பிக்காமல், எங்கே படுகிறது என்று வண்டியிலும் பார்த்துவிடுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. சக்கரம் தொங்கும், இடைவெளி தாராளமாக இருக்கிற மாதிரி தெரியும். வண்டி தரையில் நிற்கும்போதுதான் பார்க்கவேண்டும். நான்கு டயரின் தோள்பட்டையிலும் பக்கவாட்டிலும் சாக்பீஸைக் கெட்டியாகத் தேய்த்துவிடுங்கள். மழையாக இருந்தால் சாக்பீஸ் நிற்காது, பழைய லிப்ஸ்டிக் இருந்தால் அது நன்றாக நிற்கும், சிரிக்காதீர்கள். முதலில் காலி இடத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து முன்னும் பின்னும் எடுங்கள். அப்புறம் அதே மூன்று பேரை ஏற்றிக்கொண்டு சத்தம் வருகிற அதே ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்குங்கள். இன்னும் தெளிவாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் நடைபாதை ஓரக் கல்லில் ஏற்றி, ஆட்களோடு நிறுத்துங்கள். அந்தப் பக்கம் சஸ்பென்ஷன் அமுங்கி, டயர் ஃபெண்டருக்குள் போயிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடமும், எதிரே வெள்ளை ஒட்டிய இடமும்தான் உங்களுக்கு வேண்டிய பதில்.

உள்பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். ஸ்விஃப்டின் முன்பக்கம் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். ஸ்டீயரிங் திரும்பினாலும் வண்டி அமுங்கினாலும் ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதி சக்கரத்தோடு சேர்ந்தே போகும், அதனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மாறாது. நிற்கிற வண்டியில் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைந்தால் ஓடும்போதும் பிரச்சினை இல்லை. விரல் நுழையாவிட்டால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். ஸ்ட்ரட்டில் உரசுகிற டயர் உள்பக்கச் சுவரில் அறுபடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்திலேயே பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் போகின்றன, அவற்றில் தேய்ந்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. இடது பக்கம் மட்டும் உரசி வலது பக்கம் உரசவில்லை என்றால், ரிம்மைக் குற்றம் சொல்வதற்கு முன் சஸ்பென்ஷனைச் சந்தேகப்படுங்கள். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அந்தச் சக்கரம் கொஞ்சம் நகரும். ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், வண்டி எப்போதோ அடிபட்டு டிங்கரிங் ஆகியிருக்கலாம். நல்ல வண்டியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உரசும்.

முன்பக்கத்துக்கு வருகிறேன். ஆஃப்செட் குறைந்தால் சக்கரம் வெளியே வருவதோடு நிற்பதில்லை. ஸ்டீயரிங் திரும்புகிற அச்சிலிருந்து அது தள்ளிப் போய்விடுவதால், ஒடிக்கும்போது முன்னைவிடப் பெரிய வட்டம் போட்டு முன்னும் பின்னும் வீசும். அதனால்தான் நேராக ஓடும்போது சத்தமில்லாமல் இருக்கிற டயர், ஃபுல் லாக்கில் பம்பரின் ஓரத்திலோ, பின்னால் மட் ஃபிளாப்பிலோ, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் லைனரிலோ படுகிறது. நீங்கள் எழுதிய 'சர்ர்' சத்தம் எனக்கு லைனரும் மட் ஃபிளாப்பும் போலத்தான் கேட்கிறது. முதலில் முன் மட் ஃபிளாப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், பாதி வண்டிகளில் அதோடு கதை முடிந்துவிடும். மட் ஃபிளாப் வேண்டும் என்றால் உள்ஓரத்தைக் கத்தியால் சீவித் திரும்ப மாட்டலாம். லைனரில் படுகிறது என்றால், படுகிற இடத்தை ஹீட் கன்னால் சூடாக்கி, கையுறை போட்டு, உள்பக்கமாக அமுக்கிப் பிடித்து ஆறவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். பின்னால் ஒயரோ வாஷர் டேங்கோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். லைனரைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூவின் தலை துருத்திக்கொண்டிருந்தால் அதை மாற்றித் தட்டையான கிளிப் போடுங்கள். அந்தத் தலை டயரைக் கீறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். லைனரையே கழற்றி எறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சேறும் கல்லும் நேராக ஒயரிங்கிலும் தகரத்திலும் போய் அடிக்கும்.

பின்பக்கம்தான் கொஞ்சம் பேசவேண்டிய இடம். ஃபெண்டரின் விளிம்பு உள்பக்கமாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மடிந்திருக்கும், தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படும். வண்டி அமுங்கும்போது, 30 மி.மீ. வெளியே வந்திருக்கிற டயரின் தோள்பட்டை அந்த மடிப்பில் போய் இடிக்கிறது. உங்கள் நண்பர் வெட்டச் சொல்வது அதைத்தான். பின் ஃபெண்டரில் அந்த மடிப்பு சும்மா இருப்பதில்லை. வெளித்தகரமும் உள்தகரமும் சேர்கிற இடம் அதுதான், ஸ்பாட் வெல்டிங் போட்டு, தண்ணீர் போகாமல் சீலன்ட் அடித்திருப்பார்கள். வெட்டினால் அந்தத் தையல் பிரிந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்த வண்டியில் நானே கிரைண்டர் வைத்து வெட்டினேன். சத்தம் அன்றைக்கே போய்விட்டது, எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு மழைக்காலம் கழித்து ஃபெண்டர் ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்தது. விரலால் அமுக்கினால் பட்டி மட்டும் இருந்தது, தகரம் இல்லை. அந்த டிங்கரிங் செலவில் அந்தக் காலத்தில் ஒரு செட் ரிம் வாங்கியிருக்கலாம்.

வெட்டாமல் மடக்குவது வேறு வேலை, அதைச் செய்யலாம். ஹப்பில் மாட்டி, ஒரு உருளையை விளிம்போடு அழுத்தி ஓட்டுகிற கருவி இருக்கிறது, ஃபெண்டர் ரோலர் என்பார்கள். பெயின்ட்டை ஹீட் கன்னால் சூடு காட்டிக்கொண்டே, நிறையத் தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக மடிப்பை மேலே ஏற்றவேண்டும். கிடைமட்டமாக இருந்த மடிப்பு ஃபெண்டரோடு ஒட்டிக்கொண்டால் ஏறக்குறைய அந்த ஒரு சென்டிமீட்டர் கிடைக்கும். சூடு இல்லாமல் அவசரப்பட்டால் பெயின்ட் வெடிக்கும். ஒழுங்காகச் செய்தாலும் மயிரிழை விரிசல் விழ வாய்ப்பு உண்டு, பழைய வண்டியிலும் ஏற்கெனவே பட்டி வைத்த ஃபெண்டரிலும் அது கூடுதல். முடிந்த கையோடு உள்ஓரத்தில் சீலன்ட்டும் பெயின்ட்டும் அடித்துவிடவேண்டும். கிரிக்கெட் மட்டையையோ இரும்புக் குழாயையோ டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் சொருகி வண்டியை உருட்டுகிற வைத்தியமும் உண்டு. சிலருக்குச் சரியாக வந்திருக்கிறது, சிலருக்கு ஃபெண்டர் அலை அலையாக வந்திருக்கிறது. என் வண்டியில் நான் விடமாட்டேன்.

ஆனால் ஃபெண்டரில் கை வைப்பதற்கு முன் டயரை மாற்றிப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. 195/55 ஆர்16 டயரின் உயரம் சுமார் 621 மி.மீ., உங்கள் பழைய டயரோடு ஒரு மி.மீ. வித்தியாசம்தான். இப்போது இருப்பதைவிட ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. ஒல்லி, ஆரத்தில் ஐந்தரை மி.மீ. குட்டை. மடிப்பில் இடிக்கிற தோள்பட்டை உள்ளேயும் போகும், கீழேயும் இறங்கும். வெறும் உரசலாக இருந்தால் இதுவே போதும், பலமாக இடிக்கிற வண்டியாக இருந்தால் போதாமலும் போகலாம். உங்கள் டயரில் எவ்வளவு சாக்பீஸ் அழிகிறது என்பதைப் பார்த்துத்தான் அதைச் சொல்லமுடியும். எடை தாங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய டயரின் லோடு எண் 85, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ. 195/55 ஆர்16 வழக்கமாக 87-இல் வரும், அது 545 கிலோ. ஒரே குறை, 7 இன்ச் ரிம் இந்த டயருக்கு அனுமதித்த அகலத்தின் கடைசி எல்லை. டயர் ரிம்மை மூடிக்கொண்டு நிற்காது, நடைபாதைக் கல்லில் ஒட்டி நிறுத்தும்போது முதலில் கீறல் விழுவது ரிம்மில்தான்.

ரிம்மையே மாற்றிக்கொள்ள வழி இருந்தால், வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது என்பதால் கேட்கிறேன், 6 அல்லது 6.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 40 உள்ளதைக் கேளுங்கள். அதில் 195/55 டயர் போட்டால் உள்ளே 137.5 மி.மீ., அதாவது இப்போது உள்ளே எங்கே நிற்கிறதோ அங்கேயேதான் நிற்கும். வெளியே 67.5 என்பது 57.5 ஆகிவிடும். ஃபெண்டரைத் தொடாமலேயே ரோலர் கொடுக்கிற இடம் முழுக்கக் கிடைத்துவிடுகிறது. நஷ்டத்துக்குத்தான் மாற்றிக் கொடுப்பார்கள், தெரியும். இருந்தாலும் ஃபெண்டர் வேலையையும் பின்னால் தேயப்போகிற டயரையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் மலிவு. 16 இன்ச் பிடிவாதம் இல்லை என்றால், ஸ்விஃப்டின் மேல் வகையில் கம்பெனியே கொடுத்த 185/65 ஆர்15 இருக்கிறது. அதன் உயரம் 621.5. கம்பெனி ஆஃப்செட்டிலேயே ரிம் எடுத்தால் உரசல் என்ற பேச்சே வராது. பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேட்காமலே சிலர் உங்களிடம் விற்கப் பார்க்கிற இரண்டு விஷயம். ஒன்று, ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் சொருகுகிற ரப்பர் பஃபர். வண்டி அமுங்காமல் தடுத்து உரசலைக் குறைக்கும், பொய் இல்லை. ஆனால் ஸ்பிரிங்கின் ஒரு சுற்று வேலை செய்யாமல் போக, மற்ற சுற்றுகள் அந்தப் பளுவையும் சேர்த்துச் சுமக்கும், பின்சீட்டில் இருப்பவரின் முதுகும் சுமக்கும். பின் ஷாக் நிஜமாகவே தளர்ந்திருந்தால் ஷாக்கை மாற்றுங்கள், ரப்பரால் அதை மறைக்காதீர்கள். இன்னொன்று கேம்பர். சக்கரத்தின் தலையை உள்பக்கம் சாய்த்தால் ஒரு டிகிரிக்குச் சுமார் 5 மி.மீ. கிடைக்கும். முன்பக்கத்தில் கேம்பர் போல்ட் போட்டு இதைச் செய்யலாம். ஆனால் டயரின் உள்ஓரம் சீக்கிரம் தேயும், ஸ்ட்ரட் இடைவெளியும் குறையும். ஃபுல் லாக்கில் லைனரில் படுகிற உங்கள் பிரச்சினைக்கு அது உதவவும் செய்யாது. பின்பக்கம் ஒரே உத்தரமாக இருக்கிற டார்ஷன் பீம், அங்கே திருகி மாற்ற எதுவும் கிடையாது.

அதுவரை வண்டியை ஓட்டலாமா என்றால், முன்பக்க லைனர் உரசலோடு மெதுவாக ஓட்டலாம். பின்னால் மூன்று பேரை ஏற்றாதீர்கள், டிக்கியில் மூட்டை வைக்காதீர்கள். மடிப்பின் ஓரம் கத்தி மாதிரி, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு பள்ளம் போதும் டயரின் தோள்பட்டையைச் சீவ. இப்போதே நான்கு டயரையும் சுற்றிப் பாருங்கள், நூல் தெரிகிற அளவுக்கு வெட்டு இருந்தால் அந்த டயரை மாற்றத்தான் வேண்டும். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைப் பற்றியது. ஃபெண்டருக்கு வெளியே துருத்தி நிற்கிற டயர் முதலில் கண்ணில் படும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

உரசல் போன பிறகும் 80, 90-இல் ஸ்டீயரிங் அதிர்ந்தால் அது வேறு கதை. ஸ்விஃப்டின் ஹப் விட்டம் 54.1 மி.மீ. வெளியில் வாங்குகிற அலாயில் நடு ஓட்டை பல வண்டிக்குப் பொருந்தட்டும் என்று பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்கிற வளையமான ஹப் ரிங்கை நடுவில் போட்டு இறுக்காவிட்டால் பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் அதிர்வு போகாமல் இருக்கலாம். கடையில் போட்டார்களா என்று கேளுங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. டிக்கியில் இருப்பது இன்னும் பழைய 165/80 ஆர்14 தானே? இப்போதைய டயரோடு அது 12 மி.மீ. குட்டை, முன்னால் மாட்டினால் பஞ்சர் கடை வரைக்கும்தான் ஓட்டவேண்டும். 195/55-க்கு மாறினால் உயரம் ஒத்துப்போகும், அந்தக் கவலையும் குறையும். அலாய்க்குக் கொடுத்த நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காரும் என்று சொல்லமுடியாது. கழற்றிய பழைய நட்டுகளை வீட்டில் போட்டு வைத்திருந்தால், ஒரு சக்கரத்துக்குத் தேவையான நான்கை எடுத்து ஜாக்கியோடு சேர்த்து டிக்கியில் வைத்துவிடுங்கள்.